பட்டன் இருந்தால் போதுமா? ஈரத்திலும் பனியிலும் பழைய கார்களின் சாலைப் பிடிப்பு

பழைய கார் வாங்கப் போகிறவரிடம் விற்பவர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “டயர்ல பட்டன் அப்படியே இருக்கு சார், வண்டி அதிகம் ஓடல.” வாங்குபவரும் குனிந்து பார்ப்பார். பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும். திருப்தியோடு நிமிர்வார். விற்பவர் சொன்னதில் பொய் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் வண்டி அதிகம் ஓடாமல் கிடந்ததே, அந்த டயர் மழையில் வழுக்குவதற்கும் காரணமாக இருக்கலாம். பழைய கார்களின் பிடிப்பைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம்; இதைப் பேசுவதில்லை.

பிடிப்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். ரப்பர் சாலையை இரண்டு வழிகளில் பற்றுகிறது. உலர்ந்த தார்ப்பரப்போடு நேரடியாக ஒட்டிக்கொள்வது ஒரு வழி. சாலையில் பதிந்த ஜல்லியின் மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி, மீண்டு எழும்போது தடையை உண்டாக்குவது இன்னொரு வழி. சாலை நனைந்ததும் முதல் வழி பெருமளவு அடைபட்டுவிடும், இடையில் நீர்ப்படலம் வந்துவிடுவதால். மிஞ்சுவது அமுங்கி மீள்வது மட்டுமே. அதற்கு ரப்பர் மென்மையாக இருந்தாக வேண்டும். ஈரத்தில் வண்டி நிற்பதா வழுக்குவதா என்பது பெரும்பாலும் இந்த மென்மையைப் பொறுத்தது.

கணக்கில் பார்த்தால் வேறுபாடு அச்சமூட்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, உராய்வுக் கெழு 0.7 உள்ள உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் சுமார் 20 மீட்டரில் நிற்கும். கெழு 0.4 ஆகக் குறைந்தால் 35 மீட்டர். இறுகிய பனியில், 0.25 என்று வைத்தால், 57 மீட்டர். பனிக்கட்டி படிந்த சாலையில் 0.1 என்றால் 140 மீட்டரைத் தாண்டும். ஓட்டுநர் காலை எடுத்து பிரேக்கில் வைக்கும் நேரம் இதில் சேரவில்லை.

அமுங்குவதற்கு முன் டயர் நீரை விலக்கித் தரையைத் தொட வேண்டும். பட்டன்களும் அவற்றுக்கு இடையிலான பள்ளங்களும் இருப்பது இதற்காகத்தான். 3 மில்லிமீட்டர் நீர் தேங்கிய சாலையில் 165 மில்லிமீட்டர் அகல டயர் 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அதன் பாதையில் நொடிக்கு 11 லிட்டர் நீர் குறுக்கே வருகிறது. அத்தனையையும் பள்ளங்கள் வழியாகவோ பக்கவாட்டிலோ தள்ளியாக வேண்டும். முடியாதபோது நீர் டயருக்கு அடியில் ஆப்பாக நுழைந்து அதைத் தூக்கிவிடும். ஹைட்ரோபிளேனிங் என்பது இதுதான். அந்தக் கணத்தில் ஸ்டியரிங், பிரேக் எதற்கும் பயனில்லை.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்க நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் என்ற பொறியாளர் விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்தார். டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அதன் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று அவர் கண்டார். கார்களுக்கு அது தோராயமாகவே பொருந்தும் என்றாலும், சொல்லும் செய்தி தெளிவானது. 30 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் சுமார் 91 கிலோமீட்டரில் மிதக்கும் என்றால், 20 பிஎஸ்ஐ உள்ளது 74 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். “மழைக்காலத்துல கொஞ்சம் காத்தைக் குறைச்சு ஓட்டுங்க, ரோட்டைப் பிடிக்கும்” என்ற அறிவுரை எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்து விளங்கும். காற்றைக் குறைப்பது மணலில் உதவும். நீர் தேங்கிய தார்ச்சாலையில் அது எதிரி.

அகல டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்பதும் அதேபோன்ற நம்பிக்கை. நான்கு பேர் ஏறிய மாருதி 800 சுமார் 900 கிலோ என்று கொள்வோம். சக்கரத்துக்கு 225 கிலோ. 28 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 115 சதுர சென்டிமீட்டர். அகல டயர் மாட்டினாலும் எடையும் காற்றழுத்தமும் மாறாததால் பரப்பு பெரிதாக மாறாது. அதன் வடிவம்தான் மாறும். நீண்டு குறுகலாக இருந்தது அகன்று குட்டையாகும். விலக்க வேண்டிய நீர் கூடும், விலக்கக் கிடைக்கும் நேரம் குறையும். உலர்ந்த சாலையில் வளைவுகளில் அகல டயருக்கு ஆதாயம் உண்டு. எடை குறைந்த பழைய காருக்கு, தேங்கிய நீரிலும் கரைந்த பனிச்சேற்றிலும், தயாரிப்பாளர் குறித்த குறுகிய அளவே நல்லது.

பட்டன் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் நிபுணர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு உண்டு. இந்தியாவில் கார்களுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 94 குறைந்தது 1.6 மில்லிமீட்டர் கேட்கிறது. ஐரோப்பாவிலும் இதே அளவுதான். புதிய டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும் என்று பலர் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். மிஷெலின் நிறுவனம் இதை எதிர்க்கிறது. முன்கூட்டியே மாற்றுவது வீண்செலவு, இயற்கைக்கும் கேடு. தேய்ந்த நிலையிலும் நன்றாகப் பிடிக்கும் டயரைச் செய்வதும், தேய்ந்த டயரைச் சோதிப்பதும்தான் வழி என்பது அதன் வாதம். வாதம் நேர்மையானது. இருந்தாலும் வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கும் சாலைகளில், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத காரை ஓட்டுபவர் 3 மில்லிமீட்டரில் மாற்றிவிடுவதே சரி என்பேன். அந்தக் காரில் பிழையைத் திருத்தித் தரும் கருவி எதுவும் இல்லை.

இனி வயது. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஓசோனோடும் வினைபுரிந்து இறுகிக்கொண்டே போகும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். டயர் ரப்பரில் ஓசோனைத் தடுக்கும் மெழுகும் வேதிப்பொருளும் கலந்திருக்கும். டயர் உருண்டு நெளியும்போது அவை மேற்பரப்புக்குக் கசிந்து காக்கும். நின்றே கிடக்கும் வண்டியில் அந்தக் கசிவும் குறைவு. எனவே வீட்டு வாசலில் உறை போட்டு நிற்கும், வாரம் ஒருமுறை கோயிலுக்கும் கடைக்கும் போய்வரும் பழைய காரின் டயர் தேய்வதற்கு முன்பே மூப்படைந்துவிடுகிறது. பல ஆண்டு மேசை இழுப்பறையில் கிடந்த ரப்பர் எழுத்தை அழிக்காமல் தாளின்மேல் வழுக்குவதைப் போல, அதுவும் சாலைக்குள் அமுங்காமல் மேலேயே வழுக்கும். பள்ளங்கள் நீரை விலக்கிவிடும். விலக்கிய இடத்தைப் பிடிக்கத்தான் ரப்பரால் முடியாது.

மூப்படைந்த டயரின் தீங்கு வழுக்குவதோடு நிற்பதில்லை. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சரே பகுதியில், இசைவிழாவிலிருந்து திரும்பிய பேருந்து ஒன்று முன் டயர் வெடித்து மரத்தில் மோதியதில் மூவர் இறந்தார்கள். அந்த டயரில் பட்டன் இருந்தது. வயதோ 19க்கு மேல். அதன்பின் நடந்த நெடிய மக்கள் முயற்சியின் பயனாக, 2021 பிப்ரவரி முதல் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயர்கள் பிரிட்டனில் தடை செய்யப்பட்டன. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தரவுகளைக் கொண்டு வெளியிட்ட அறிக்கை வெப்பத்தின் பங்கையும் காட்டியது. டெக்சாஸ், கலிபோர்னியா, லூசியானா, புளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து வெப்ப மாநிலங்களில் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் 27 சதவீதம்தான். டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ 77 சதவீதம் அங்கிருந்து வந்தன. அவற்றில் 84 சதவீதம் 6 ஆண்டுகளைத் தாண்டிய டயர்கள். வேலூர், மதுரை வெயிலில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் இந்த எண்களைத் தங்களுக்கானதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வயதை அறிவது எளிது. டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. மூன்று இலக்கமே இருந்தால் அது 2000த்துக்கு முந்தையது, அதில் ஏறி ஓட்டவே கூடாது. குறியீடு சில டயர்களில் உட்பக்கம் இருக்கும். படுத்துப் பார்க்க வேண்டியிருந்தாலும் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியை மறப்பவர்கள் அதிகம். காரோடு வந்த ஸ்டெப்னி 15 ஆண்டு டிக்கியில் புதிதுபோலவே கிடந்து, பஞ்சரான ஒரு மழையிரவில் வெளியே வரும்.

பழைய காரை வைத்திருப்பவருக்கு இதிலேயே ஒரு நற்செய்தியும் இருக்கிறது. அந்தக் காரின் மற்றப் பாகங்கள் எல்லாம் பழைய காலத்தில் நின்றுவிட்டவை. டயர் மட்டும் இன்றைய தொழில்நுட்பத்தில் கிடைக்கும். மிஷெலின் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் அமைப்பு, சாலையைத் தொடும் பரப்பை நிலையாக வைத்தது. 1990களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் கார்பன் கரியின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்த்து, எரிபொருள் மிச்சத்தையும் ஈரப்பிடிப்பையும் ஒருசேரக் கொண்டுவந்தது; இன்று தரமான டயர்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் செய்யப்படுகின்றன. டயருக்கு டயர் எவ்வளவு வேறுபாடு என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் கொண்டுவந்த தர அட்டையே சான்று. அதில் ஈரப்பிடிப்பில் முதல் தர டயர்களுக்கும் கடைசித் தர டயர்களுக்கும் இடையே, 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதில் 18 மீட்டர் வரை வேறுபாடு இருக்கலாம். கார் அதேதான், ஓட்டுநரும் அவரேதான்.

அம்பாசடரின் 15 அங்குலக் குறுக்கு இழை டயர்கள், மாருதி 800இன் 12 அங்குல டயர்கள் போன்ற பழைய அளவுகளில் தெரிவு சுருங்கிவிட்டது என்பது உண்மையான இடர். புதிய கலவைகளைப் பெரிய அளவுகளுக்கே நிறுவனங்கள் முதலில் கொண்டுவருகின்றன. கிடைப்பதில் அண்மைத் தேதியுள்ள ரேடியலைத் தேடி எடுப்பதே முறை. நம் ஊர் டயர் கடைகளில் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை கிலோமீட்டர் ஓடும்?” என்பது. நெடுந்தூரம் உழைக்கவே செய்த டயர் பெரும்பாலும் இறுகிய கலவை. ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அது தேய்வதற்குள் காலாவதியாகிவிடும். “மழையில் எப்படிப் பிடிக்கும்?” என்றே கேளுங்கள். 2022இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஏஐஎஸ் 142 என்ற தரத்தின் கீழ் ஈரப்பிடிப்புக்கு இந்தியாவில் முதன்முறையாக வரம்பு வகுத்தது. திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் தேர்வாய் கண்டிகையிலும் டயர் ஆலைகளை வைத்திருக்கும் தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி கடைகளில் ஒலிக்காமல் இருப்பது வருத்தம் தருவது.

இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் புதியவற்றை எங்கே மாட்டுவது? முன்சக்கர இயக்கமுள்ள காரில் முன்னால் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். டயர் நிறுவனங்களும் சோதனைக்களங்களும் பின்னால் என்கின்றன. முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீளும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும். சாதாரண ஓட்டுநரால் அதை மீட்க முடியாது. எனவே பின்னால்.

பட்டன் போன டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார் டயரில் அப்படி வெட்ட ரப்பர் மிச்சம் இல்லை. கத்தி உள்ளிருக்கும் இழைகளை நெருங்கிவிடும். தெரிந்தே செய்யும் கேடு இது. நைட்ரஜன் நிரப்புவதால் பிடிப்பு கூடாது, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். டயர் பாலிஷை பக்கச்சுவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பட்டன்மேல் பட்டால் நாமே எண்ணெய் தடவியதாகும்.

டயர் நன்றாக இருந்தும் பிடிப்பு இல்லாமல் போவதற்குப் பழைய கார்களில் முதற்காரணம் ஷாக் அப்சார்பர். அது சோர்ந்துவிட்டால் சக்கரம் ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னும் துள்ளும். துள்ளும் நேரமெல்லாம் தரையை அழுத்துவது குறையும். அலைன்மென்ட் கெட்டிருந்தால் டயர் ஓரத்தில் மட்டும் தேயும். வீல் சிலிண்டர் கசியும் பிரேக் ஒரு பக்கம் முந்திப் பிடித்து, ஈரத்தில் வண்டியைத் திருப்பிவிடும். டிரம் பிரேக் உள்ள வண்டி ஆழமான நீரைக் கடந்தால் லைனிங் நனைந்து பிடிக்காது; கரையேறியதும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக அழுத்திக் காயவைக்க வேண்டும்.

ஏபிஎஸ் கார்களில் முழு வடிவில் வந்தது 1978இல், பாஷ் நிறுவனத்தின் வழியாக. இந்தியாவில் புதிய மாடல் கார்களுக்கு அது கட்டாயமானது 2018இல்தான். ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019இல். அதற்கு முந்தைய ஏராளமான கார்களில் இந்த வசதி இல்லை. பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், பூட்டிய சக்கரத்தால் வண்டியைத் திருப்ப முடியாது. பூட்டும் எல்லைவரை அழுத்தி, பூட்டியதும் ஒரு கணம் விட்டு மீண்டும் அழுத்தும் பழக்கத்தை இத்தகைய காரை ஓட்டுபவர் ஆளில்லாத திறந்த இடத்தில் பழகிக்கொள்ள வேண்டும்.

பனிக்கு வருவோம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சாலைகளில் பனி படர்வதில்லை. ஆனால் டொரண்டோவிலும் மாண்ட்ரியலிலும் ஒஸ்லோவிலும் வாழும் தமிழர்களுக்கு இது ஆண்டில் நான்கைந்து மாதப் பிழைப்பு. அங்கே புதிதாகக் குடியேறியவர் முதலில் வாங்குவதும் பெரும்பாலும் பழைய கார்தான். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடைக்கால டயரின் ரப்பர் குளிரால் இறுகத் தொடங்கும். மூப்பு ஆண்டுகளில் செய்வதைக் குளிர் ஒரே இரவில் செய்துவிடுகிறது. பனிக்கால டயரின் கலவை உறைகுளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. பட்டன்களில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். அவை விரிந்து பனியைக் கவ்வும். கவ்விய பனி தரைப்பனியோடு ஒட்டுவதும் பிடிப்புக்கு உதவுகிறது. ஃபின்லாந்தில் 1934இல், இன்றைய நோக்கியன் டயர்ஸின் முன்னோடி நிறுவனம் லாரிகளுக்குச் செய்ததே உலகின் முதல் பனிக்கால டயர்.

வாங்கும்போது பக்கச்சுவரில் மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். 1999இல் வந்த இந்தக் குறி, இறுகிய பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே கிடைக்கும். ‘எம் ப்ளஸ் எஸ்’ (M+S) என்ற இன்னொரு குறி பள்ளங்களின் அமைப்பை மட்டும் குறிப்பது, சோதனை எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. பனித்துகள் குறியும்கூடப் பனியில் வண்டி இழுத்துப் புறப்படும் திறனைத்தான் அளக்கிறது. பனிக்கட்டியில் நிற்பதற்கு அது உறுதி தராது. கியூபெக் மாகாணம் 2008 முதல் பனிக்கால டயரைக் கட்டாயமாக்கியது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. ஒண்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 2016 முதல் அதைப் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தந்தாக வேண்டும். ஆஸ்திரியாவில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டத்தின் பார்வையில் அது பனிக்கால டயரே அல்ல. என் பார்வையில் இதுவே அறிவார்ந்த அளவு.

நான்கு சக்கரங்களுக்கும் போட வேண்டும். முன்னால் இரண்டு மட்டும் மாட்டினால் வண்டி நன்றாகப் புறப்படும், முதல் வளைவில் பின்பக்கம் சுழலும். பின்சக்கர இயக்கமுள்ள பழைய வண்டிகளில் டிக்கியில் மணல்மூட்டை வைப்பது நெடுநாள் வழக்கம். இயக்கும் சக்கரத்தின்மேல் எடை வந்தால் புறப்படப் பிடிப்பு கிடைக்கும் என்பது சரிதான். பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் பனியில் பேர்பெற்றதற்குப் பின்னால் இருந்த எஞ்சினே காரணம். மூட்டை பின் அச்சுக்கு நேர்மேலே, நகராதபடி கட்டியிருக்க வேண்டும். ஆனால் அந்த எடையையும் பிரேக் நிறுத்தியாக வேண்டும். முன்சக்கர இயக்க வண்டியில் மூட்டை தீங்கே செய்யும். காற்றையும் கவனியுங்கள்: 20 டிகிரியில் 30 பிஎஸ்ஐ அடைத்த டயரில், உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியானதும் 24தான் இருக்கும்.

ஆணி பதித்த டயர் பனிக்கட்டியில் மற்ற எதையும்விட நன்றாகப் பிடிக்கும். பனியில்லாத இடத்தில் அதே ஆணிகள் சாலையை அரைத்துத் தூளாக்கும். ஜப்பானில் செண்டாய் போன்ற நகரங்கள் அந்தத் தூசியில் மூச்சுத் திணறின. 1990இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. ஆணியில்லாத மென்கலவை டயர்கள் அங்கே வளர்ந்ததற்கு இந்த நெருக்கடி பெரிய காரணம். பிரிட்ஜ்ஸ்டோனின் பிளிசாக் 1988இல் வந்திருந்தது. சங்கிலி வேறு வகை உதவி: இயக்கும் சக்கரங்களில் மாட்டி, 50 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டி, பனி முடிந்ததும் கழற்ற வேண்டும். மணாலிப் பக்கம் வாடகைக் காரில் செல்பவர்கள் வண்டியில் சங்கிலி இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனையும் செய்தபின் மிஞ்சுவது வேகம். நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 80ஐ 60ஆகக் குறைத்தால் அந்தத் தூரம் கிட்டத்தட்டப் பாதியாகும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் தூறலில் எண்ணெயும் தூசியும் கலந்து சாலை மிக மோசமாக வழுக்கும். குன்னூர் மலைப்பாதையில் ஈரத்தில் இறங்கும்போது இரண்டாம் கியரை நம்புங்கள், பிரேக்கை அல்ல.

பழைய காருக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்க முடிந்தால் முதலில் டயர், அடுத்து ஷாக் அப்சார்பர், பிறகு பிரேக். சீட் உறையும் மியூசிக் சிஸ்டமும் அதற்கப்புறம். தேதி தெரியாத செகண்ட் ஹேண்ட் டயரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அரசிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 15 ஆண்டு முடிந்த தனியார் கார், பதிவைப் புதுப்பிக்கத் தகுதிச் சோதனைக்கு வந்தே ஆக வேண்டும். விதி 94 அங்கே பட்டனின் ஆழத்தைக் கேட்கிறது. வயதையும் கேட்கும்படி அதைத் திருத்த வேண்டும். நான்கு இலக்கங்களைப் படித்துப் படிவத்தில் எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. 10 ஆண்டு கடந்த டயரோடு வரும் எந்தக் காருக்கும் எஃப்சி எனும் தகுதிச் சான்றைத் தரக்கூடாது.